எந்த எல்ஸ்பெத்?

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. கதவை யாராவது சாத்துங்கள், காற்று வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. இன்று உங்களுக்கு ஒரு சாவுக் கதை சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள். செத்தவர் எண்பத்தோரு வயதுவரை வாழ்ந்து, தன் படுக்கையில் தூங்கியபடியே போனவர். கதை அவர் மகளைப் பற்றியது.

எல்ஸ்பெத் சமையலறை மேசையில் அட்டைகளைப் பரப்பி, முதல் அட்டையில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். குளிரில் பேனாவில் மை இறங்கவில்லை. உதறிவிட்டு அழுத்தி எழுதப்போனபோது டோட் சித்தப்பாவின் கை வந்து அட்டையை மூடியது.

"கொஞ்சம் பொறு," என்றார்.

முன்னறையில் திரைச்சீலை இறக்கிய ஜன்னலுக்குக் கீழே ஆர்ச்சி மேர் பெட்டிக்குள் இருந்தார். பதினோரு மணிக்கு எடுக்க வேண்டும். பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு, பிடிக்க எட்டுப் பேர். யாருக்கு எந்தக் கயிறு என்று அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவது எங்கள் ஸ்காட்லாந்துக் கரையின் வழக்கம். தலைமாட்டுக் கயிறு ஒன்றாம் எண். அது பிள்ளைக்கு. கால்மாட்டுக் கயிறு இரண்டு. அது உடன்பிறந்தவனுக்கு. ஆர்ச்சிக்கு ஒரே மகள், நாற்பத்தெட்டு வயது எல்ஸ்பெத். உயிரோடிருக்கும் ஒரே தம்பி, டோட். இதில் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை.

"ஊர்ல விஷயம் கசிஞ்சுபோச்சு," என்றார் சித்தப்பா.

"எந்த விஷயம்?"

"உன் விஷயம்தான். திவால் லிஸ்ட்ல பேரு வந்திருக்கே, அதை எவனோ கம்ப்யூட்டர்ல பார்த்திருக்கான்."

எல்ஸ்பெத் பேனாவை மூடினாள். "பார்க்கட்டும். பார்க்கத்தானே போட்டிருக்காங்க."

"முழுசா கேளு. பேரைப் பார்த்திருக்கான், ஆனா அது நீன்னு எவனுக்கும் தோணல. காஸ்டி வீட்டு எல்ஸ்பெத்னு நினைச்சுட்டாங்க."

வலை நிறைய மீன் விழுந்த செய்தியைச் சொல்வதுபோல அதைச் சொன்னார்.

எங்கள் ஊர் கிரெய்க்ஹேவனில் பாதிப்பேருக்குக் குடும்பப் பெயர் மேர். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆர்ச்சியின் குடும்பம் பாபின். எந்தக் கிழவன் எந்த நூலைச் சுற்றினானோ, இருநூறு வருடமாக அவர்கள் பாபின்கள். இன்னொரு குடும்பம் காஸ்டி. பாபின் எல்ஸ்பெத் மேர் ஒருத்தி, காஸ்டி எல்ஸ்பெத் மேர் ஒருத்தி. அரசாங்கப் பட்டியலுக்குப் பட்டப்பெயர் தெரியாது. தெருப் பெயரை அது கொடுத்திருந்தது, உண்மைதான். ஆனால் ஒரு பெயரைப் பார்த்து வாய் திறந்த பிறகு, தெருவையும் படிக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது?

"அது தப்பில்லையா சித்தப்பா?"

"நாம சொன்னோமா? அவங்களா நினைச்சுக்கிட்டாங்க." அட்டையிலிருந்து கையை எடுத்தார். "எழுதிக்கோ. ஒண்ணு உனக்கு, ரெண்டு எனக்கு. நீ வாயைத் திறக்காத வரைக்கும். திறந்தேன்னா நான் கயித்தைத் தொடமாட்டேன். மஞ்சக் கடுதாசி நீட்டினவ எதிர்ல நின்னு, ஊர் பார்க்க என் அண்ணனை இறக்க என்னால ஆகாது."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. உடன்பிறந்தவன் கயிற்றை மறுத்தால், ஆர்ச்சியைப் பற்றி இந்த ஊர் இனி அது ஒன்றைத்தான் பேசும். எல்ஸ்பெத்துக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. அப்பா நல்லபடியாக, தலைமாட்டில் மகளும் கால்மாட்டில் தம்பியுமாக இறங்க வேண்டும். நாலு நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

கடன் எப்படி வந்தது என்கிறீர்களா? எல்லோருக்கும் வருகிற மாதிரிதான். புருஷன் வேன் வாங்க அவள் பெயரில் கையெழுத்து வாங்கினான். பிறகு வேனோடு போனான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் மீன் தொழிற்சாலையில் பாதி வேலையை விட்டாள். ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டு, அதை அடைக்க வாரக் கடன். போன் அடிக்கும்போதெல்லாம் அதன்மேல் தலையணையை வைத்து அமுக்குவாள். அப்பா ஒருநாள் கட்டிலிலிருந்தே கேட்டார், "யாரைடி கொலை பண்றே?"

கடைசியில், பிரிக்காத கடிதங்களை ஒரு மளிகைப் பையில் போட்டுக்கொண்டு டவுனில் கடன் ஆலோசனை அலுவலகத்துக்குப் போனாள். சளி பிடித்த ஒரு பெண் மூக்கைத் துடைத்துத் துடைத்து எல்லாவற்றையும் பிரித்தாள். இருப்பதை எல்லாம் போட்டாலும் இது அடையாது, திவால் மனு போடலாம் என்றாள்.

"வீட்டுக்கு வந்து கட்டிலைத் தூக்கிட்டுப் போவாங்களா?"

"உங்க கட்டிலை வெச்சு அவங்க என்னம்மா பண்ணப்போறாங்க? கட்டில், அடுப்பு, துணிமணி எல்லாம் உங்களுது. இது கையில சொத்து இல்லாதவங்களுக்கான வழி. போன் நிக்கும். ஆறு மாசம் ஒழுங்கா இருந்தா கடன் உங்களை விட்டுடும். பேரு லிஸ்ட்ல வரும். ஆறு வருஷத்துக்கு எவனும் சுலபமா கடன் தரமாட்டான்."

"அது தண்டனையா, பரிசா?"

அந்தப் பெண் சிரிக்கப்போய்த் தும்மினாள்.

"வெட்கமா இருக்குமே," என்றாள் எல்ஸ்பெத்.

"அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லை. இங்க கையெழுத்துப் போடுங்க."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அவர் வாயின் ஒரு பக்கம்தான் அசையும். அந்தப் பக்கத்தால், "ஆறு மாசமா? அதுவரைக்கும் நான் இருக்கேன்," என்றார். நாலு மாதம் இருந்தார்.

இப்போது அவள் அட்டையில் பெயரை எழுதி முடித்தாள்.

"வாங்கினா கட்டணும்," என்றார் சித்தப்பா, அவள் ஒன்றும் கேட்காமலே. "கடைசிப் பென்னி வரைக்கும். நாங்க அப்படித்தான் வளர்ந்தோம்."

"அப்படியா? கப்பல் எலும்புக்கூட்டுல வலை மாட்டினப்ப அப்பா என்ன பண்ணார்?"

சித்தப்பாவின் காது சிவந்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய கதை. கடலடியில் மூழ்கிக் கிடந்த பழைய கப்பலில் வலை சிக்கி, படகு சாய்ந்து தண்ணீர் ஏறத் தொடங்கியபோது, ஆர்ச்சி கோடாலியை எடுத்துக் கயிற்றை வெட்டிவிட்டார். இரண்டு மாதமே ஆன புது வலை. சித்தப்பா அவர் கையைப் பிடித்துத் தடுத்தாராம்.

"அந்த வலைக்கு மூணு வருஷம் தவணை கட்டினோம்!"

"கட்டறதுக்கு உயிரோட இருந்தீங்களே, சித்தப்பா."

 பின்கதவு திறந்தது.

காஸ்டி எல்ஸ்பெத் இடுப்பால் கதவைத் தள்ளிக்கொண்டு பெரிய சூப்புப் பானையோடு உள்ளே வந்தாள். அறுபத்து மூன்று வயது, ஆண்பிள்ளைத் தோள். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் சாப்பாடு அவள் பொறுப்பு.

"தள்ளு, தள்ளு, சுடுது. ஏ டோட், மரம் மாதிரி நிக்காதே, அடுப்பை ஏத்து." பானையை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். "பாபின் பொண்ணே, இன்னிக்கு எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? கறிக்கடைக்காரன் காசை முதல்ல வைன்னுட்டான். முப்பது வருஷமா மாசக் கடைசியில வாங்கிக்கிறவன். உங்கப்பன் சாவுக்குக் கறி வாங்கப் போனா, காசை வைன்றான்!"

"அவன் கிடக்கிறான்," என்றார் சித்தப்பா கெட்டிலைப் பார்த்து.

"அவன் மட்டுமா? ஞாயித்துக்கிழமை ஜெப மண்டபத்துல டீக்காசு டப்பாவை என் கையிலிருந்து வாங்கி வேற ஆளுகிட்ட குடுத்தாங்க. உனக்கு வயசாச்சு, ஓய்வெடுன்னாங்க. பதினெட்டு வருஷம் வெச்சிருந்தேன்." குரல் இறங்கியது. "ராத்திரி உட்கார்ந்து யோசிக்கிறேன், நான் எதையாவது எடுத்துட்டு மறந்துட்டேனா? எங்கம்மாவுக்குக் கடைசியில புத்தி அப்படித்தான் தடுமாறிச்சு. எனக்கும் வந்துடுச்சா?"

கெட்டில் கொதித்தது. எல்ஸ்பெத் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் முன்னறைக் கதவைப் பார்த்தார். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அப்பா இருந்தார்.

"நீ ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்கே? எதையும் சாப்பிட்டிருக்கமாட்டே," என்ற காஸ்டி, டீயை ஊற்றி நாலு சர்க்கரை போட்டு அவள் கையில் திணித்தாள். "குடி. முழுசா." பிறகு எல்ஸ்பெத்தின் கோட்டுக் காலரில் ஒட்டியிருந்த பூனை முடியை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

எல்ஸ்பெத் டீயைக் குடித்தாள். முழுவதும்.

கல்லறைத் தோட்டம் மேட்டின்மேல், கடலைப் பார்த்து இருக்கிறது. மழை இன்னும் விழவில்லை, எந்த நிமிடமும் விழலாம் என்றிருந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். ஜெபம் முடிந்தது. பெட்டி குழியின் குறுக்கே கட்டைகள்மேல் இருந்தது. அடக்கம் செய்பவர் வெளியூர்க்காரர், கறுப்புத் தொப்பி, நல்ல குரல். அட்டையைப் பார்த்துப் படித்தார்.

"ஒன்றாம் கயிறு, எல்ஸ்பெத் மேர்."

"எந்த எல்ஸ்பெத்?" என்று கத்தினார் ஆண்ட்ரூ.

ஆண்ட்ரூவுக்கு எண்பத்தைந்து வயது, காது முக்கால்வாசி கேட்காது. கிரெய்க்ஹேவனில் அது சாதாரணக் கேள்வி. ஆர்ச்சியின் மகளைத்தான் கூப்பிட்டார்கள் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி விழுந்ததும் எல்லாக் கண்ணும் இன்னொருத்தி பக்கம் போனது. காஸ்டி கைப்பையைப் பிடித்தபடி ஓரத்தில் நின்றிருந்தாள். யாரோ மெல்லச் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் அரையடி நகர்ந்தார்கள். காஸ்டி அந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு தன் காலணியைப் பார்த்தாள், அதில் ஏதோ ஒட்டியிருப்பது போல.

எல்ஸ்பெத் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டாள். எதிரே, கால்மாட்டில், சித்தப்பாவும் தன் பெயரைக் கூப்பிடும் முன்பே எடுத்திருந்தார். அவர் தலையை மிக லேசாக அசைத்தார். வேண்டாம்.

"பாபின் எல்ஸ்பெத்," என்றாள் அவள். "ஆர்ச்சியோட பொண்ணு. லிஸ்ட்ல இருக்கிற எல்ஸ்பெத்தும் நான்தான்."

"என்ன லிஸ்ட்?" என்றார் ஆண்ட்ரூ, காதில் கையை வைத்து.

"திவால் லிஸ்ட், மாமா!"

"என்னது?"

"திவால்!" காற்றுக்கு மேலாகக் கத்த வேண்டியிருந்தது. கத்தத் தொடங்கிய பிறகு நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. "கடன் தலைக்கு மேல போச்சு! கட்ட முடியல! சட்டத்துல ஒரு வழி இருந்துச்சு, அது வழியா வெளிய வந்தேன்! இன்னும் ரெண்டு மாசம்! அப்புறம் எவனும் என் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது! காஸ்டி அக்கா யாருக்கும் ஒரு பென்னி குடுக்கவேண்டியதில்ல! அவங்ககிட்ட முன்காசு கேட்டவங்க எல்லாம் இப்ப என்னை நேரா பாருங்க!"

ஐந்தாம் கயிற்றுக்காரர் கறிக்கடைக்காரர். அவர் கடலைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?" என்றார் ஆண்ட்ரூ. "நான் என்னமோன்னு பார்த்தேன். மழை வருது, இறக்குங்கடா அவனை."

யாரும் அசையவில்லை. டோட் சித்தப்பா கயிற்றைப் பெட்டியின்மேல் வைத்தார். எறியவில்லை, பார்த்துத்தான் வைத்தார்.  தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டு, பின்னால் போய்க் கல்மதிலை ஒட்டி நின்றார். எல்ஸ்பெத் தன் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"இரண்டாம் கயிறு..." என்று தயங்கினார் வெளியூர்க்காரர்.

காஸ்டி கைப்பையை ஈரப் புல்லில் வைத்துவிட்டு நடந்து வந்தாள். கால்மாட்டில் நின்று, பெட்டிக்கு மேலாக எல்ஸ்பெத்தைப் பார்த்தாள்.

"காலையில சமையக்கட்டுல நின்னப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு கேட்டேன்."

"கேட்டீங்க."

"டீ ஊத்திக் குடுத்தேன்."

"குடிச்சேன், அக்கா."

காஸ்டி குனிந்து கயிற்றை எடுத்தாள்.

"ஆர்ச்சிக்காக," என்றாள். "உனக்காக இல்ல. என் பேரை எழுதிக்கோங்க ஐயா. எல்ஸ்பெத் மேர்."

வெளியூர்க்காரர் அட்டையை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மற்ற ஆறு பெயரையும் படித்தார். கட்டைகளை உருவினார்கள். கனம் கைக்கு வந்தது. படுத்த வருடத்தில் ஆர்ச்சி மிகவும் இளைத்துப்போயிருந்தார், இருந்தாலும் பெட்டி கனத்தது. தலைமாட்டில் ஒருத்தி, கால்மாட்டில் ஒருத்தி, இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துப் பார்த்துக் கயிற்றை விட்டார்கள். ஒரு பக்கமும் சாயவில்லை. அடியில் தட்டியதும் எல்லோரும் கயிற்றைக் குழிக்குள் போட்டார்கள்.

மழை வந்தேவிட்டது. சனங்கள் மண்டபத்தை நோக்கி வேகமாக இறங்கினார்கள். சிலர் எல்ஸ்பெத்திடம் கை கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. கறிக்கடைக்காரர் காஸ்டியிடம் ஏதோ சொல்ல வந்தார். அவள் நிற்காமல் போனாள். மதிலோரம் சித்தப்பா இன்னும் வெறுந்தலையோடு நின்றிருந்தார். எல்ஸ்பெத் அவரைத் தாண்டும்போது நின்றாள். அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் வாசலுக்கு நடந்தாள்.

காஸ்டி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இரும்புக் கேட்டைக் காற்று அடித்து அடித்துச் சாத்தியது. அவள் வெளியே போய், ஒரு காலால் கேட்டைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றாள். மழை அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் அடுப்பில் எப்போதும் ஒரு பானை கொதிக்கட்டும். உங்கள் வீட்டு வாசலில் எந்தக் கையும் ஓங்கித் தட்டாதிருக்கட்டும். தட்டினாலும், வெளியே போக உங்களுக்கு ஒரு வழி திறந்திருக்கட்டும்.