முத்துராமலிங்கத்தின் கோடு

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமானது பாதிதான் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1986 தொடக்கத்தில், மட்டாஞ்சேரியில் ஒரு பல் வைத்தியரின் முன்னறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் இருந்தது பலகைச் சுவர். எனக்கு முன்னால் உள்ளே போன பெண் பேசியது அப்படியே காதில் விழுந்தது.

"பல்லு பிடுங்காண்டாம் டாக்டரே. மருந்து மட்டும் தாங்க."

எடுத்தால்தான் சரியாகும் என்றார் வைத்தியர்.

"எங்க மூத்த அண்ணன் பல்லு எடுத்துத்தான் செத்தான். ஒம்பது வயசுல. மூணு நாளு ரத்தம் நிக்கல."

அது ஆண்களுக்கு வருகிற நோய், உனக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சமாதானம் சொன்னார். அதற்கு அவள் சொன்ன பதில்தான் என்னை இத்தனை வருடமாகத் தொந்தரவு செய்கிறது.

"எனக்கு வராதுன்னு தெரியும். எனக்குள்ள ஒளிஞ்சிருக்கான்னுதான் தெரியல."

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவள் வெளியே வந்தபோது முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. என் பல் வலி எனக்கு. மீதியெல்லாம் நானே சேர்த்தது. சேர்த்ததில் ஒன்றை இப்போது எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவிக்கிறேன்.

2

தொடக்கங்கள்.

"காயலின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாதக் காலையில் ஸ்வர்ணலதா படகில்—" (வேண்டாம். கொச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எல்லோருக்கும் மழை வந்துவிடுகிறது.)

"மனித உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆறடி நீளத்துக்கு ஒரு நூல் சுருண்டு—" (பாடப்புத்தகம்.)

நேராகவே சொல்கிறேன். ஸ்வர்ணலதாவுக்கு முப்பத்தோரு வயது. மூன்று தலைமுறைக்கு முன்னால் பாலக்காட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தினமும் காலையில் படகேறி எறணாகுளம் போய், அங்கே ஒரு ரத்த ஆய்வகத்தில் வேலை பார்த்தாள்.* பல் வைத்தியர் தந்த சீட்டோடு அந்தப் பெண் அவளைத் தேடி வந்தாள். பெயர் வீரலட்சுமி, வயது இருபத்து மூன்று. கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் அம்மா மாயம்மாளோடு வேலை. அப்பா முத்துராமலிங்கம் அதே கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து முப்பது வருடம். மூத்தவன் ஒச்சப்பன் பல்லில் போனான். இரண்டாமவன் அழகருக்கு இருபத்தேழு வயது; முட்டிக்குள் ரத்தம் கசிந்து கசிந்து இரண்டு காலும் மடங்காமல் போய், உட்கார்ந்த இடத்தில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தான்.

"ரெண்டு மாப்பிள்ளைய வேண்டாம்னுட்டேன் சேச்சி. இப்ப செல்லதுரைன்னு ஒருத்தர், ஓட்டல்ல வேலை, நல்ல ஆளு. ஆனா அண்ணனைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. இன்னொண்ணைப் பெத்துத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல. உள்ள இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. கல்யாணமே வேண்டாம்."

* அப்படி ஓர் ஆய்வகம் இருந்ததில்லை. நான் கட்டியது. அதனால்தான் அதற்கு வாடகையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

3

ஸ்வர்ணலதா விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. கையில் இருந்த வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"வளையலை எக்ஸ் குரோமோசோம்னு வெச்சுக்கோ. பெண்ணுக்கு ரெண்டு வளையல், ஆணுக்கு ஒண்ணு. உங்கம்மாவோட ரெண்டுல ஒண்ணு விள்ளல் விட்டது, அதாவது கீறல். ரத்தத்தை உறைய வைக்கற குறிப்பு அதுல கெட்டுப்போச்சு. அம்மா ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டுல ஒண்ணு கொடுப்பா. அண்ணன்மார்க்கு விள்ளலு கிட்டிச்சு. மனசிலாச்சா?"

"அப்பாவோடது?"

"அப்பா கையில ஒண்ணுதான் உண்டு. பையனுக்கு அதைக் கொடுக்க மாட்டார். பொண்ணு பிறந்தா கொடுத்தே தீரணும். அப்போ உனக்கு ஒண்ணு அப்பாவோடது, நிச்சயம். இன்னொண்ணு அம்மாவோட நல்லதா, விள்ளலான்னுதான் பாக்கணும்."

விள்ளலைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அதன் அருகிலேயே ஓர் அடையாளம் உண்டு. குறிப்பிட்ட எழுத்துவரிசையைக் கண்டால் மட்டும் வெட்டுகிற ஒரு நொதி இருக்கிறது. ஆய்வகத்தில் என்ஸைம் என்பார்கள். சிலருடைய டிஎன்ஏவில் அந்த இடத்தில் அது வெட்டும், சிலருடையதில் வெட்டாது. வெட்டினால் துண்டு சிறியது, வெட்டாவிட்டால் பெரியது. எந்தத் துண்டோடு நோய் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அழகரின் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

ரத்தம் எடுக்க ஸ்வர்ணலதா கொச்சங்காடிக்குப் போன அன்று மாயம்மாள் அவளைக் கதவோரம் இழுத்தாள்.

"தாயி, அவரு ரத்தம் கண்டிப்பா வேணுமா? ஊசின்னா அவருக்குப் பயம்."

"வேணும்மா. சில நேரம் அப்பாவோடது இல்லாம கணக்கு தீராது."

முத்துராமலிங்கம் அதற்குள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஊசியைப் பார்த்து அவர் கண்ணிமைக்கவில்லை. (ஸ்வர்ணலதா அதைக் கவனித்தாள். நான் அவளைக் கவனிக்க வைத்தேன்.)

4

இனி வேலை. ரத்தச் செல்களைச் சோப்பு போன்ற ஒரு கரைசலில் உடைத்து, புரதத்தைக் கரைத்து நீக்கி, மேலே குளிர்ந்த எரிசாராயம் ஊற்றினாள். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு நூல் மிதந்து வந்தது. கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுத்தாள். ஐந்து வருடமாகச் செய்கிறாள். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு நொடி மூச்சை அடக்கிக்கொள்வாள்.

என்ஸைம் பெங்களூரிலிருந்து, ஆலுவாவில் இறங்கும் ஒருவர் கையில் வந்தது. அவள் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கியபோது ஃபிளாஸ்கில் ஐஸ் தண்ணீராகியிருந்தது. ஆலுவா சந்தையில் மத்தி விற்ற ஒருவரிடம் ஐஸ் கேட்டாள். எதற்கு என்று கேட்டார். "ஒரு குழந்தைக்கு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் இரண்டு கை அள்ளிப் போட்டார். மீன் வாடையோடு என்ஸைம் பிழைத்தது. ஒரே ஒரு தடவைக்குத்தான் போதும். அடுத்தது வர ஆறு மாதம்.

வெட்டிய டிஎன்ஏவைக் கடல்பாசிக் கூழ் உறைந்த பலகையில் நான்கு குழிகளில் இட்டு மின்சாரம் பாய்ச்சினாள். சிறிய துண்டு முந்தி ஓடும், பெரியது பின்தங்கும். ஓடி நின்றதை நைலான் தாளில் ஒற்றியெடுத்து, கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய டிஎன்ஏ துணுக்கை அதன் மேல் ஊறவிட்டாள். அது தன் ஜோடியை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு எக்ஸ்ரே படத்தோடு சேர்த்து ஒரு வாரம் உறைபெட்டியில்.

எட்டாம் நாள் படத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள்.

முதல் தடம், மாயம்மாள்: மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மூன்றாவது, அழகர்: கீழ்க்கோடு மட்டும். ஆக, இந்தக் குடும்பத்தில் நோய் கீழ்க்கோட்டோடு வருகிறது. நான்காவது, வீரலட்சுமி: மேல்கோடு மட்டும், அழுத்தமாக. கீழே ஒன்றுமே இல்லை.

ஸ்வர்ணலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பித்தாள். அம்மாவிடமிருந்து நல்லதுதான் வந்திருக்கிறது. அப்பாவின் ரத்தம் தேவையே பட்டிருக்கவில்லை.

பிறகுதான் இரண்டாவது தடத்தைப் பார்த்தாள். முத்துராமலிங்கத்துக்குக் கீழ்க்கோடு.

(இந்தக் கோடு அவரிடம் இருப்பதால் அவருக்கு நோய் என்று அர்த்தமில்லை. ஊரில் நிறையப் பேருக்கு அது சாதாரணமாக இருக்கும். ஆனால் பெண் பிறந்தால் அதைக் கொடுத்தே தீர வேண்டும். வீரலட்சுமியிடம் அது இல்லை.)

5

இங்கே நான் மூன்று நாள் எழுதவில்லை.

அந்தக் கீழ்க்கோட்டை இரண்டாவது தடத்தில் போட்டது நான்தான். "கீழே" என்பதை "மேலே" என்று மாற்றினால் போதும். அப்பா, மகள், எல்லாம் சரியாகிவிடும். மாற்றியும் பார்த்தேன். மாயம்மாள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டுச் சுக்குப் புடைக்கப் போய்விடுகிற பெண்ணானாள். அவளைப் பேச வைக்க, இருபத்து மூன்று வருடம் அவள் மூடி வைத்திருந்ததை நான் திறக்கலாமா? தெரியவில்லை. திறந்துவிட்டேன்.

ஸ்வர்ணலதாவிடம் அழிப்பான் இல்லை. அவளுக்கு முதலில் எழுந்தது மாயம்மாளைப் பற்றிய எண்ணமே அல்ல. குழாய் மாறிவிட்டதோ என்ற பயம். அன்று மூன்று வீடுகளில் ரத்தம் எடுத்திருந்தாள். வீரலட்சுமியின் குழாய்க்குப் பதில் வேறு வீட்டுக் குழாய் வந்திருந்தால், "தப்பித்தாய்" என்று ஒரு பெண்ணிடம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்து அனுப்பியவளாவாள். என்ஸைம் தீர்ந்துவிட்டது. செல்லதுரை வீட்டார் ஆறு மாதம் காத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் கிட்டங்கிக்குப் போனாள். மாயம்மாள் மட்டும் சுளகோடு இருந்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு சம்சயம். அன்னைக்குக் குழாய் மாறிப்போச்சோன்னு."

"யாரு குழாயி?"

"வீரலட்சுமியோடது. இல்லேன்னா அவ அப்பாவோடது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேரல."

சுளகு நின்றது. சுக்குத் தூசி வெயிலில் இறங்கிக்கொண்டிருந்தது. மாயம்மாள் தும்மவில்லை, ஸ்வர்ணலதாதான் தும்மினாள்.

"சேரலன்னா எம்மகளுக்கு என்ன?"

"குழாய் மாறலேன்னா அவ தப்பிச்சா. மாறியிருந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

மாயம்மாள் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தாள். மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம் தெருமுனையில் கேட்டது.

"குழாயி மாறல."

"உங்களுக்கு எப்படி—"

"மாறலங்குறேன்ல. நூறு தடவ எடுத்தாலும் இப்பிடித்தான் காட்டும். தப்பிச்சேன்னு எம்மககிட்டச் சொல்லு தாயி. வேற எதையும் என்னையக் கேக்காத."

சுளகை மறுபடி எடுத்தாள். கை நடுங்கியதா? (நடுங்கியது என்று எழுதி அடித்தேன். நடுங்கவில்லை.)

ஸ்வர்ணலதா திரும்பும்போது படகில் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்முறை, முடிவு, சந்தேகம் என்று கட்டங்கள் இருந்தன. ஒரு தாய் தன் வாழ்க்கையைப் பணயம் வைத்துச் சொன்ன ஒரு சொல்லை எழுத அதில் கட்டம் இல்லை. "மாதிரிகள் சரிபார்க்கப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அவள் வாழ்நாளில் எழுதிய மிகச் சரியான வாக்கியம் அதுதான் என்பது என் கருத்து.

6

நல்லதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செய்தியைக் கேட்ட வீரலட்சுமி படகுத்துறைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் வெறும் நான்தானா சேச்சி?" என்றாள். இரண்டே மாதத்தில் செல்லதுரையோடு கல்யாணம். எண்பத்தெட்டில் பையன். ஒன்றரை வயதில் அவன் படியில் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டான். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே துணியை அழுத்தினாள். நான்கு நிமிடத்தில் ரத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான் அழுதாள். இதிலெல்லாம் சந்தேகம் வேண்டாம்.

சந்தேகம் கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில் இருக்கிறது. வீரலட்சுமி ஆய்வகத்துக்கு வந்து கேட்டாள்: "சேச்சி, அந்தப் படத்தைக் கொண்டாங்க. வீட்டுல எல்லாரும் பாக்கணுங்கிறாங்க." மறுக்க ஸ்வர்ணலதாவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. காரணம் சொன்னாலே உண்மையைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

கொச்சங்காடி வீட்டில் சாயா கொடுத்தார்கள். அழகர் ரேடியோவிலிருந்து தலை தூக்கவில்லை. "என் கோடு எனக்குத் தெரியும். நீங்க பாருங்க" என்றான். வீரலட்சுமி படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தடங்களுக்கு மேலே பென்சிலில் எண்கள் மட்டும், பெயர் இல்லை.

"நாலாவதுதான நானு?"

"ஆமா."

முத்துராமலிங்கம் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் வந்து நின்றார். மாயம்மாள் அடுப்புப் பக்கம் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"இது என்ன மோளே, மழையில நனைஞ்ச காயிதம் மாதிரி இருக்கு" என்று சிரித்தார். பிறகு, "எல்லாரு கோடும் இதுல இருக்காமே. என் கோடு எது?"

7

மூன்று பதில்கள் எழுதினேன்.

ஒன்றில், ஸ்வர்ணலதா முந்தின நாளே கத்தரியால் இரண்டாவது தடத்தை வெட்டி எடுத்துவிட்டிருந்தாள். (எண்கள் ஒன்று, மூன்று, நான்கு என்று நிற்கும். மூட்டைகளை எண்ணியே வாழ்ந்த மனிதர் அதைக் கவனிக்காமல் இருப்பாரா?)

இன்னொன்றில், மகளின் மேல்கோட்டிலேயே விரல் வைத்து, "இதுதான் நீங்க கொடுத்தது" என்கிறாள். அவர் அதைத் தொட்டுப் பார்க்கிறார். (அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே அஞ்சினேன். மேலும், வளையல் பாடத்தைக் கேட்டவள் பக்கத்திலேயே நிற்கிறாள்.)

மூன்றாவதில் அவள் உண்மையைச் சொல்கிறாள். "ரெண்டாவது தடம், கீழே இருக்கறது" என்று. அவர், "ஓ, அதுவா. எனக்குத் தெரியும்—" என்று ஆரம்பிக்கிறார். (எது தெரியும் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. கோடு எது என்பதா? அல்லது இருபத்து மூன்று வருடமாகவே தெரியுமா?)

ஆகவே, இந்த அறையில் இனி நான் இல்லை. படம் ஜன்னலோரத்தில் இருக்கிறது. மகள் ஒருமுறை படத்தையும் ஒருமுறை அடுப்படியையும் பார்க்கிறாள். ஸ்வர்ணலதாவின் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். படம் சரியாகத் தெரியவில்லை என்று முத்துராமலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். சுக்குத் தூசி, சீக்கிரம் போகாது. அவர் துடைத்து முடிப்பதற்குள் சொல்லுங்கள்.