சுவர்ப் பக்கம் முப்பது டிகிரி

விதைப் பரிசோதனை நிலையத்தின் இருட்டறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாற்பத்தெட்டு ஓட்ஸ் முளைகள் கோணம் அளக்கும் பெண் நின்ற பக்கமாகப் பதினேழு டிகிரி வளைந்தன. புதன்கிழமை அவள் மேசையின் எதிர்ப்புறம் உட்கார்ந்து வேலை செய்தாள். முளைகளும் எதிர்ப்புறம் வளைந்தன. வியாழக்கிழமை சளி பிடித்து அவள் வரவில்லை. அன்று முளைகள் குச்சிபோல் நேராக நின்றன.

நிலையத்தில் எல்லோரும் அவளைக் கோணக்கா என்றார்கள். பதினெட்டு வருஷமாக ஒரே வேலை: ஒரு பக்கமிருந்து வெளிச்சம் காட்டினால் முளை எவ்வளவு வளைகிறது என்று அளந்து பதிவேட்டில் எழுதுவது. முளையின் நுனிதான் வெளிச்சத்தைப் பார்க்கிறது. பார்த்ததும் அங்கே ஊறும் வளர்ச்சி ஹார்மோன் நிழல் பக்கமாக ஒதுங்கி, அந்தப் பக்கமே கீழே இறங்கும். ஹார்மோன் கூடிய பக்கம் கூடுதலாக நீளும், மறுபக்கம் பின்தங்கும், முளை வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்துவிடும். மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் முளைகளுக்குத் தெரியாது என்பதால் அவள் அந்தச் சிவப்பிலேயே நாளெல்லாம் இருந்தாள். மதியம் வெளியே வந்தால் கண் கூசும். சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்திருக்கும் நேரமாக இருக்கும்.

இயக்குநர் முதலில் கதவிடுக்கைச் சந்தேகித்தார். கறுப்பு டேப் ஒட்டினார்கள். ஒளிமானி பூஜ்யம் காட்டியது. முளைகளில் பாதிக்கு நுனியில் ஈயத்தாள் குல்லாய் மாட்டிப் பார்த்தார்கள். குல்லாய் போட்டவை நேராக நின்றன, மற்றவை அவளை நோக்கிச் சாய்ந்தன. நுனிகளை வெட்டி ஹார்மோனை அளந்தபோது அவளுக்கு முதுகு காட்டிய பக்கத்தில் இரண்டு பங்கும், அவளைப் பார்த்த பக்கத்தில் ஒரு பங்கும் இருந்தது. பக்கத்தில் விளக்கை வைத்தாலும் இதே கணக்குதான் வரும். பதிவேட்டில் 'வெளிச்ச மூலம்' என்ற கட்டத்தில் இயக்குநர் 'ஊழியர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உங்க மேல தப்பு சொல்லலம்மா. ஆனா நீங்க உள்ள இருந்தா ஒரு சோதனையும் தேறாது" என்றார்.

அவளைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பெரிய ஜன்னல்கள். கட்டி முடித்த பைகளுக்கு நடுவே தொட்டியில் முளைத்திருந்தவையெல்லாம் ஜன்னலைத்தான் பார்த்தன. வாழ்க்கையில் தன்னை நோக்கித் திரும்பியவை அந்த நாற்பத்தெட்டுதான் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு பிடி விதையைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஈரப் பஞ்சில் விதைத்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

நான்காம் நாள் திறந்தபோது முளைகள் அவள் கட்டிலுக்கு முதுகு காட்டி, சுவர்ப் பக்கமாக முப்பது டிகிரி சாய்ந்திருந்தன. தட்டைத் திருப்பி வைத்தாள். மறுநாளும் சுவரையே பார்த்தன. வீட்டிலும் முளைகள் தன்னை ஒதுக்கிவிட்டன என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்தபின் பழைய பாடம் நினைவுக்கு வந்தது. இரண்டு விளக்கு இருந்தால் முளை பிரகாசமான விளக்கின் பக்கம்தான் போகும். முளைகள் பார்ப்பது தனிமையை என்றால், தன்னைவிடத் தனியான ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது அவளுடைய அண்ணன். லிஃப்ட் மெக்கானிக், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அம்மா இறந்த அன்று அவர் வெளியூரில் வேலையாக இருந்தார்; வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நான்கு மணி நேரம் உன்னால் காத்திருக்க முடியாதா என்று கேட்டார். அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். அடுத்த மாதம் வீட்டின் நடுவில் சுவர் எழும்பியது, இரண்டு வாசல்கள் ஆயின, பதினொரு வருஷம் போய்விட்டது.

அவள் படுக்கையறையில் ஒரு தட்டும் சமையலறையில் ஒரு தட்டும் வைத்து, வெளிச்சம் படாமல் அட்டைப்பெட்டியால் மூடி, முளைகள் சாயும் திசையில் தரையோடு நூல் பிடித்துக் காகிதத்தில் வரைந்தாள். கோடுகள் சுவரைத் தாண்டி ஒரு புள்ளியில் வெட்டிக்கொண்டன. காலையில் அந்தப் புள்ளி அண்ணனின் அடுப்பருகே இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சுவரை ஒட்டி வந்து நின்றது. அண்ணன் தினமும் ஆறு மணிக்கு அங்கே சாய்ந்து உட்கார்கிறார் என்று தெரிந்துகொண்டாள். இந்தப் பக்கம் அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எட்டு மாதம் இருவரும் அப்படி உட்கார்ந்தார்கள். தட்டலாம் என்று ஒருமுறை கையைத் தூக்கி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

ஒன்பதாம் மாதம் கோணம் இறங்கத் தொடங்கியது. முப்பது, இருபத்திரண்டு, பதினைந்து. அவர் வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள், தனிமை குறைந்திருக்கிறது என்று நினைத்து அவளுக்குப் பொறாமைகூட வந்தது. சுவரில் காதை வைத்துக் கேட்டாள். இரண்டாவது குரல் இல்லை. முதல் குரலும் இல்லை, இருமல் மட்டும். மறுநாள் ஏழு டிகிரி. தன் வாசல் வழியாக இறங்கி அவர் வாசலுக்குப் போனாள், பதினாறு காலடி தூரம்தான்.

"யாரது?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"உன் தங்கச்சி."

உள்ளே இருமல் கேட்டது. "கதவு சும்மாத்தான் சாத்தியிருக்கு."

சுவரடியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடந்தார். நெஞ்சில் சளி கட்டி ஆறு நாள் காய்ச்சல். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"முப்பதுல இருந்து ஏழுக்கு வந்துட்டே."

"என்ன ஏழு?"

"எழுந்திரு, ஆஸ்பத்திரி போற வண்டியில சொல்றேன்" என்றாள். அம்மாவைப் பற்றியும் வண்டியிலேயே சொன்னாள்: "அன்னைக்கு எனக்குப் பயமா இருந்தது. நீ வர்றதுக்குள்ள இருட்டிடும், அப்புறம் அடக்கம் காலையிலதான்; அம்மாவோட தனியா ஒரு ராத்திரி இருக்கப் பயம். அதான் காத்திருக்கல." அவர் கண்ணை மூடியபடி தலையை ஆட்டினார்.

பிழைத்துவிட்டார். இன்னும் ஆறு வருஷம் இருந்தார். சுவரை இடிக்கவில்லை, செலவு அதிகம். ஒருவர் வாசல் வழியாக மற்றவர் வந்து போனார்கள். அந்த ஆறு வருஷமும் அவள் பீரோவில் முளைகள் நேராகவே வளர்ந்தன. அவர் போன மறுமாதம் அவை மீண்டும் சாய்ந்தன. இம்முறை தெருப் பக்கம், பத்தொன்பது டிகிரி. அவள் நூலைப் பிடித்தபடியே போய் மூன்றாம் தெருவில், நடக்க முடியாத, அண்மையில் தனியாகிப்போன ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினாள்.

இப்போது அந்த வட்டாரத்தில் பதினொரு வீடுகளில் அவள் கொடுத்த தட்டுகள் பீரோக்களில் இருக்கின்றன. காலையில் அளந்து சுகாதார நிலையத்துக்குப் போன் செய்கிறார்கள். அங்கே இருக்கும் நர்ஸ் நலம் விசாரிப்பதில்லை. எந்தப் பக்கம், எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்கிறார். பத்துக்குக் கீழே இறங்கினால் ஒன்று உடம்பு மோசம், அல்லது விருந்தாளி யாரோ வந்திருக்கிறார்கள். எது என்று தெரியாததால் இரண்டுக்குமே ஆள் அனுப்புகிறார்கள்.