இளைத்த எடைக்கல்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. கதைக்குச் சொந்தக்காரர் எங்கள் ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரர். "எழுதிக்கோ, பேரை மட்டும் மாத்திடு" என்றார். மாற்றிவிட்டேன்: ஃபுயுகோ.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மே மாத மழை ஏரியின் மீது மெல்லிய திரையாக... (அன்று மழையே இல்லை.) பிறகு: அந்தக் கண்ணாடிக் குப்பிக்குள் ஓர் உண்மை உறங்கிக்... (குப்பிக்குள் இருந்தது களைக்கொல்லி.)

2

சுத்தமான களைக்கொல்லி, சுண்டுவிரல் நீளக் குப்பியில் வரும். அதை அளந்து கரைத்து வைத்துக்கொள்வோம். ஏரி நீரோ, ஏரியில் அள்ளும் மட்டிச் சிப்பியோ, எது வந்தாலும் அந்தக் கரைசலோடு ஒப்பிட்டுத்தான் இதில் இவ்வளவு மருந்து என்று சொல்வோம். எங்களுக்கு அதுதான் எடைக்கல்.

நாற்று நட்ட வயல்களில் மருந்தடித்த வாரம், ஏரி மட்டியில் அளவு வரம்பைத் தாண்டியது. மட்டி அள்ளத் தடை வந்தது. ஒன்பதாம் நாள் ஃபுயுகோ புதுக் குப்பி ஒன்றை உடைத்து ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது: பழைய கரைசல் ஜன்னல் வெயிலில் பாதி சிதைந்திருந்தது. எடைக்கல் இளைத்தால் சரக்கு கனமாகத்தான் காட்டும். மட்டியில் ஒரு கோளாறும் இல்லை. கரைசலை ஜன்னலோரம் வைத்தவர் ஃபுயுகோதான்.

பிரிவுத் தலைவர் ஹிராபயாஷி சொன்னார்: "அடுத்த வாரம் மருந்தளவு எப்படியும் கொறஞ்சிடும், தடையும் தானா போயிடும். நாம எதுக்கு வாயக் குடுக்கணும்?"

"அதுவரைக்கும் மட்டி மேலயே பழி இருக்கட்டுமா சார்?" என்றார் ஃபுயுகோ.

(ஹிராபயாஷியை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அரை மணி நேரம் கழித்து, திருத்த அறிக்கையில் முதல் ஒப்புதல் முத்திரை குத்தியவர் இவர்தான்.)

3

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஃபுயுகோ ஏரிக்கே போனார். மட்டி அள்ளுவோர் சங்கத் தலைவர் தொகுஜி, படகில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதுங்க," என்று குனிந்தார் ஃபுயுகோ.

"அப்ப நல்ல மட்டியா?"

"அன்னைக்கும் நல்ல மட்டிதான்."

"அள்ளினத வீச மனசு வராம, ஒம்போது நாளா நானும் வீட்டுக்காரியும் அதத்தான் சூப்பு வச்சுக் குடிக்கிறோம். தினமும் ஒருத்தர ஒருத்தர் உத்துப் பாத்துக்குவோம், யாரு மொதல்லன்னு."

சிரித்தவர், ஊசியைக் கீழே வைத்தார். ஏரியை ஒட்டிய வயல் அவருடைய மருமகன் கென்கிச்சியுடையது. மருந்து அங்கிருந்துதான் ஏரிக்கு வந்தது என்று, சங்கக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், தொகுஜி அவரை மன்னிப்புக் கேட்க வைத்திருந்தார். அன்றிலிருந்து மகள் அப்பாவின் போனை எடுப்பதில்லை.

"மாப்பிள்ளகிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேங்க."

"அளந்தது நீ. கத்துனது நான். வண்டில ஏறு."

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கென்கிச்சி சிரிக்கிறார். இன்னொன்றில் முதுகைக் காட்டுகிறார். மூன்றாவதில் ஒரு கொக்கு... (கொக்கு வேண்டாம்.) உண்மையில் என்ன சொன்னார் என்று ஃபுயுகோவிடம் கேட்டேன்.

"அது எங்க மூணு பேருக்குள்ள" என்று சோதனைக் குழாய்களைக் கழுவப் போய்விட்டார்.

ஆகவே, வரப்பில் இருவர். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து, இடுப்பு வளையக் குனிந்து நிற்கிறார்கள். நிமிர்வதாக இல்லை. ஒன்பது நாளாக மருந்தைத் தொடாமல், முழங்கால் சேற்றில் கையாலேயே களை பறித்துக்கொண்டிருக்கும் கென்கிச்சி நீங்கள்.

சொல்லுங்கள்.