மறுத்ததற்குக் காரணம்

ஊர்காவற்றுறையில் சட்டத்தரணி மனோகரியின் அறையில் அன்று காலை இருந்தவர்கள்: சட்டத்தரணி, ஐஸ் கொம்பனியில் இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல் வந்த கோபிசங்கர், அவனுடைய மனைவி நிலாந்தி, அவனுடைய அக்கா சீதேவி. அக்காவை ஒருவரும் கூப்பிடவில்லை.

கரம்பொனில் நிலாந்திக்குச் சீதனமாக வந்த காணியை விற்க உடன்படிக்கை எழுதி, முற்பணமும் வாங்கியாயிற்று. காணி மனைவியுடையதுதான். ஆனாலும் யாழ்ப்பாணத்தாருக்குரிய தேசவழமைச் சட்டப்படி புருஷன் எழுத்தில் சம்மதிக்காமல் அவள் அதை விற்க முடியாது. சம்மதப் பத்திரத்தில் கோபிசங்கரின் கையெழுத்து இருந்தது. அவன் வைக்கவில்லை. வாங்குகிறவரின் தம்பி சந்தையில் வைத்து நன்றி சொன்னபோதுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது.

"நொத்தாரிசு இவரைக் காணாமலோ சம்மதப் பத்திரம் எழுதினவர்?" என்று சட்டத்தரணி கேட்டார்.

"இவர் இரவு வேலை, பகலில நித்திரை எண்டு சொன்னனான்," என்றாள் நிலாந்தி. "வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும் எண்டு தந்தவர். குசினியில வைச்சு நானே போட்டனான்."

அவள் ஒளிக்கவில்லை, அழவுமில்லை. கோபிசங்கர்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டியளே, தன்ர வாயாலேயே சொல்லுறா," என்றாள் சீதேவி. "தம்பி, பொலிசில குடு. மனிசி கையெழுத்து வைக்க மனிசன் நித்திரை கொண்டானாம் எண்டு ஊரே சிரிக்குது."

"ஊருக்கு ஆர் மச்சாள் சொன்னது?" என்றாள் நிலாந்தி.

சீதேவி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

சட்டத்தரணி கோபிசங்கரிடம் திரும்பினார். "பொலிசில முறைப்பாடு குடுக்கலாம். கள்ளக் கையெழுத்து குற்றம். இவவைப் பிடிச்சு மறியலில அடைக்கவும் கூடும். இல்லாட்டி உடன்படிக்கை செல்லாது எண்டு மாவட்டக் கோட்டில வழக்குப் போடலாம். ரண்டும் வேண்டாமெண்டால், இப்ப உண்மையாச் சம்மதிச்சுப் புதுசா எழுதலாம்."

"வழக்குப் போடுங்கோ," என்றான்.

அவர் பேனையை எடுத்தார். "காணியை ஏன் விக்கிறா?"

"தன்ர தங்கச்சியின்ர நெஞ்சு ஒப்பிரேசனுக்கு."

"உம்மிட்டச் சம்மதம் கேட்டவவோ?"

"ஓம்."

"நீர் ஏலாதெண்டனீர். என்ன காரணம்?"

அவன் நிலாந்தியைப் பார்த்தான்.

"கோட்டில அதைத்தான் கேப்பினம். புருஷன் காரணமில்லாமல் சம்மதம் தராட்டி, மனிசி நேராக் கோட்டிலயே அனுமதி கேக்கலாம். நிலாந்தி, இது உமக்குத் தெரியாதோ?"

"தெரியும். நொத்தாரிசு சொன்னவர்."

"பிறகேன் இந்த வேலை பாத்தனீர்?"

"கோட்டுக்குப் போனால் இவரையும் கூப்பிட்டு, ஏன் தரேல்லை எண்டு சனத்துக்கு முன்னால கேப்பினமாம். இவர் என்னத்தைச் சொல்லுவார்?"

காரணம் கோபிசங்கருக்குத் தெரியும். அந்த வீட்டில் அவனைக் கேட்டு நடந்த காரியம் ஒன்றும் இல்லை. இது ஒன்றுக்குத்தான் அவனைக் கேட்டே ஆகவேண்டியிருந்தது. அவள் கேட்டபோது மறுத்துவிட்டு, இன்னொரு தரம் கேட்கட்டும் என்று இருந்தான். கேட்டாள். இன்னுமொரு தரம் கேட்கட்டும் என்று இருந்தான். அதற்குள் தங்கச்சி படி ஏற முடியாமல் போயிருந்தாள். இதை எந்தக் கோட்டில் சொல்வது?

"புதுசா எழுதுங்கோ," என்றான்.

"ஐயோ, இவனும் ஒரு ஆம்பிளை," என்றாள் சீதேவி.

எழுதி முடித்ததும் அவன் கையெழுத்து வைத்தான். அது கோணலாய் விழுந்தது. சீதேவி எட்டிப் பார்த்தாள். "அவ வைச்சது இதைவிட வடிவு."

சட்டத்தரணிக்குச் சிரிப்பு வந்தது. அவர் இருமி அதை மறைத்தார். நிலாந்தி சிரிக்கவில்லை. ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று கோபிசங்கர் பார்த்தான். அவள் எழுந்து வெளியே போய், தங்கச்சிக்கு ஃபோன் எடுத்தாள். பஸ்ஸிலும் அவள் வேறொரு பெண்ணுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள்.

பின்னேரம் அவன் வேலைக்கு வெளிக்கிட்டபோது, அவள் சாப்பாட்டுப் பார்சலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீர் நேராக் கோட்டுக்கே போயிருக்கலாம்," என்றான் அவன்.

"போயிருக்கலாம்தான். உங்களுக்கு வெக்கமா இருக்குமெண்டு நினைச்சனான்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவன் ஏதாவது சொல்லியிருப்பான். பார்சலை வாங்கிக்கொண்டு படி இறங்கினான். சைக்கிளை அவன் எடுப்பதற்குள் பின்னால் அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே பூட்டில் திறப்பு திரும்பிய சத்தம் கேட்டது.