முட்டியில் ஒன்றுமில்லை

பிசியோதெரபி அறையில், மூன்றாவது கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தவரை, அங்கே வேலை பார்க்கும் இளையவளுக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. தலை நரைத்துத் தொப்பை சரிந்திருந்தாலும் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"சீக்கிரம் பாரும்மா, எவ்வளவு நேரம் படுத்துக் கிடக்கிறது?"

உதவி கேட்பதைக்கூட அதட்டலாகக் கேட்கிற ஆள் உலகத்தில் அவர் ஒருத்தர்தான். அவளும் அவள் அக்காவும் படித்த பள்ளிக்கூடத்தின் பி.டி. மாஸ்டர். பிள்ளைகள் வைத்த பெயர் விசில்.

முப்பது வருடத்துக்கு முன்னால் மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. வலது முட்டி வலிக்கிறது என்று நொண்டிக்கொண்டே திரிந்தாள். விசில் அவள் முட்டியை அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. "முட்டியில ஒண்ணுமில்ல. ஓடச் சோம்பேறித்தனம். நடிக்கிறா!" என்று மொத்தப் பள்ளிக்கூடமும் வரிசையில் நிற்கும்போது அறிவித்தார். அன்றைக்கே மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓட விட்டார். அம்மா போய்க் கேட்டதற்கும் அதே பதில்தான், கூடவே ஒரு புத்திமதி: "டாக்டர் வரைக்கும் எதுக்குப் போறீங்க? செல்லம் குடுத்துக் கெடுக்காதீங்க." சுளுக்கு எடுப்பதில் பேர் வாங்கிய மனிதர். அம்மா நம்பினாள். வீட்டிலும் மூத்தவளுக்கு 'நடிப்புக்காரி' என்ற பட்டம் வந்து சேர்ந்தது. நான்காவது வாரம் அவள் மைதானத்தில் விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

கோளாறு முட்டியிலேயே இல்லை, இடுப்பு மூட்டில். வளருகிற வயதில் சில பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் பந்துபோன்ற நுனி மெல்ல நழுவும். அந்த வலிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தான் இருக்கிற இடத்தில் கத்தாது, கீழே முட்டியில் போய்க் கத்தும். அப்போதே படம் எடுத்திருந்தால் ஒரு ஸ்க்ரூவைப் போட்டு அவளுடைய சொந்த மூட்டைக் காப்பாற்றியிருக்கலாம். ஓடி ஓடி நுனி முழுக்க நழுவியது. ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்தது. இருபத்தாறு வயதில் செயற்கை மூட்டு வைத்தார்கள். அது தேய்ந்ததும் நாற்பதில் இன்னொன்று. இளையவள் இந்தப் படிப்பை எடுத்ததே அந்த ஆத்திரத்தில்தான்.

ஃபைலைப் புரட்டினாள். வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை, நாளை காலை ஏழு மணி.

"எங்க சார் வலி?"

"முட்டியிலதான். வேற எங்க?"

அமுக்கினாள். பெரிதாக ஒன்றுமில்லை. மடக்கினாள். முட்டி சுலபமாக மடங்கியது. எக்ஸ்ரேயில் அந்த வயதில் எல்லோருக்கும் இருக்கிற தேய்மானம்தான் இருந்தது. பழக்கத்தில் அவள் கை அவர் தொடையைத் தூக்கிப் பிடித்துப் பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பியது. விசில் அலறிவிட்டார். துருப்பிடித்த கீல் மாதிரி இடுப்பு மூட்டு அசைய மறுத்தது.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஒரே காலையில் அறுபது பேரைப் பார்க்கிற பெரிய டாக்டர், 'முட்டி' என்ற சொல்லைக் கேட்டு முட்டியைப் படம் எடுத்திருக்கிறார். நாளைக்கு நல்ல முட்டியை அறுத்து எடுத்துவிடுவார்கள். வலி அப்படியே இருக்கும்.

படிவத்தில் 'இடுப்பு அசைவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இயல்பு' என்று எழுதினாள். "முட்டிதான் சார்" என்றாள் தேன் ஒழுக. பொய் சொல்வானேன், மனசு குளுகுளுவென்று இருந்தது.

சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே வீடு பார் என்று யார் சொன்னாலும் மூத்தவள் கேட்க மாட்டாள், அப்படி ஒரு வீம்பு. சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"வலிக்குதுன்னு சொன்னாரா?"

"அலறிட்டாருக்கா."

"நீ என்ன எழுதின?"

"ஒண்ணுமில்லன்னு."

மூத்தவள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். "அதைத்தானடி அவரும் சொன்னாரு."

"உனக்காகத்தான்க்கா..."

"எனக்காகன்னு சொன்னே, பல்லைப் பேத்துடுவேன். அந்த ஆளு கட்டில்ல கிடந்தா எனக்கு என்ன பிரயோஜனம்? எனக்கு அவரு நல்ல காலோட வேணும். நாற்பத்தெட்டுப் படி. நான் தினமும் ஏறுறேன்ல? அவரும் ஏறி வரட்டும். இவ நடிக்கலன்னு சொல்லட்டும், அன்னிக்குக் கத்தின அதே சத்தத்துல. போ, போய் நிறுத்து."

காலை ஆறு மணிக்கு இளையவள் பெரிய டாக்டர் முன்னால் நின்றாள். "பொய்யா எழுதிட்டேன் டாக்டர், இடுப்பைப் பாருங்க" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் வந்திருந்தாள். படம் வந்ததும் டாக்டரின் திட்டு பாதியில் நின்றது. அறுபது பேரில் ஒருவருடைய இடுப்பை அவரும்தானே பார்க்காமல் விட்டார்! முட்டி ஆபரேஷன் ரத்தானது. அடுத்த வாரம் இடுப்பு மூட்டை மாற்றுவதாக முடிவானது.

விசில் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ எனக்கு மக மாதிரிம்மா."

"என் அக்காவுக்கும் முட்டியிலதான் சார் வலிச்சுது" என்று ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"எந்தப் பொண்ணு? முட்டி வலின்னு எத்தனையோ பேரு வருவாங்கம்மா. பாதிப் பேரு நடிப்புதான்."

அவளுக்கு அவரை அப்படியே கட்டிலோடு தள்ளிவிடலாம் போல் இருந்தது. "மீதிப் பாதி?" என்று மட்டும் கேட்டாள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவராகவே வாயைத் திறந்தார். "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?"

"மூணாவது மாடியில. ஏறத் தெரிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்."

ஆறு வாரம் அவரை அவள் சக்கையாகப் பிழிந்தாள். ஆனால் ஒரு பயிற்சியைக்கூடத் தப்பாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏழாவது வாரம் ஆட்டோவில் ஏற்றி அந்தக் கட்டடத்தின் வாசலில் இறக்கினாள். "நல்ல கால் முதல்ல, அப்புறம் ஆபரேஷன் கால்" என்று ஒவ்வொரு படியாக ஏற வைத்தாள். மேலே போய்ச் சேரும்போது அவர் சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

மூத்தவள் கதவைத் திறந்து, ஒரு பக்கம் சாய்ந்து நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"கடைசியா ஓடி வர்ற பொண்ணு" என்றார் மெல்ல. "ஒரு பாதத்தை வெளியில திருப்பி வச்சு ஓடுவே. நேரா வைன்னு கத்துவேன்."

"அது நேரா வராது சார். உள்ள எலும்பு நழுவினா பாதம் அப்படித்தான் திரும்பும். பார்த்திருக்கீங்க. பார்த்துட்டுத்தான் ஓட விட்டீங்க."

அவர் முணுமுணுத்தார். "நீ... நடிக்கலம்மா."

"கேக்கல."

"நடிக்கல."

"மைதானத்துல இதைவிட நல்லாக் கேட்டுதே!"

"இந்தப் பொண்ணு நடிக்கல! எனக்குத்தான் தெரியல!" என்று விசில் கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கீழ்மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் உட்காரணும்மா" என்றார்.

மூத்தவள் நாற்காலி கொண்டுவரவில்லை. "இறங்கும்போது ஆபரேஷன் காலை முதல்ல வைங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இளையவள் அவர் கையைப் பிடித்து முதல் படியில் இறக்கும்போது, கதவுக்குப் பின்னால் அக்கா ஓவென்று அழுகிற சத்தம் கேட்டது. இரண்டு ஆபரேஷனிலும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அழுதால் நடிப்பு என்பார்கள் என்று முப்பது வருடமாக அடக்கி வைத்திருந்தாள்.