ஒரு நினைப்புக்கு ஒரு புரை

எங்கள் ஊரில் யாருக்குப் புரை ஏறினாலும், அவரை நினைத்தவர் யார் என்று கண்டுபிடித்துச் சேர்த்து வைத்தால்தான் இருமல் நிற்கும். சேர்த்து வைப்பது என் வேலை. தலையில் தட்டுவதெல்லாம், அதுவரை வீட்டில் இருப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காதே, அதற்காக.

இடது பெல்ட்டில் நினைப்புகள் வரும், வலது பெல்ட்டில் புரைகள். இரண்டுமே மூடியில் பெயர் எழுதிய சின்ன டப்பாக்கள். புரை டப்பா மட்டும் குலுங்கிக்கொண்டே வரும். இரண்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். நினைப்பு முந்தி, புரை பிந்தி. இடையில் ஓர் உலைச் சோறு வேகும் நேரத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஒரு நினைப்புக்கு ஒரு புரைதான். பொருந்தினால் ஒன்றின் மேல் ஒன்றை வைப்பேன், குலுக்கல் அடங்கிவிடும். பொருந்தாவிட்டால் அந்த ஆள் இருமிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், சோறு தண்ணி இறங்காது. இதைப் போய்க் குழப்பமான வேலை என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று காலை வலது பெல்ட்டில் என் தம்பி தங்கமுத்துவின் டப்பா வந்தது. இடது பெல்ட்டில் அவன் பெயருக்கு ஒன்றுமில்லை. போன் அடித்தது. அவன் மனைவி பூங்கொடி.

"மாமா, இட்லி சாப்பிடறப்ப ஏறுச்சுங்க. நிக்கவே மாட்டேங்குது. கண்ணெல்லாம் சிவந்து போச்சு."

"நீ அவனை நெனைக்கலியா?"

"எதுத்தாப்பல உக்காந்திருக்கிற ஆளை எப்படீங்க நெனைக்கிறது?"

நியாயம்தான். இனி யார் நினைத்தும் பிரயோஜனமில்லை. புரைக்குப் பிந்திய நினைப்பு செல்லாது. டப்பா மேஜையில் குதித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நெனைக்காம இருப்பனா சாமி? பசங்க ரெண்டு பேரும் தின்னாங்களோ என்னமோன்னு காத்தால நெனைச்சேனே."

"தனித்தனியாவா?"

"ஒண்ணாத்தான். அதுக்குள்ள பால்காரர் வந்துட்டாரு."

அந்த நினைப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். சற்றுமுன் டீ குடிக்கும்போது எனக்கும் புரை ஏறியது. மூடியில் இரண்டு பெயர் இருந்தால் முதலில் ஏறியவருக்கே போகும். அம்மாவின் டப்பா என்னுடையதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

நான் அதில் கை வைத்ததைப் பக்கத்து சீட் நாச்சம்மாள் அக்கா பார்த்துவிட்டார்.

"எடுத்தா உனக்குத் திரும்ப ஏறும்."

"தெரியுங்கக்கா."

"உன்னை வேற யாராச்சும் நெனைச்சிருக்காங்களா, பாரு."

பார்த்தேன். இடது பெல்ட்டில் ஊரில் உள்ளவர்கள் பெயரெல்லாம் போய்க்கொண்டிருந்தது. என் பெயர் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது.

அம்மாவின் டப்பாவை எடுத்துத் தம்பியுடையதன் மேல் வைத்தேன். அது அடங்கியது. "தண்ணி குடிக்கிறாருங்க மாமா" என்று பூங்கொடி மறுபடி போன் போட்டு அழுதாள். அதற்குள் எனக்கு இருமல் ஆரம்பித்துவிட்டது.

சேராத புரைகளுக்கு மாடியில் ஒரு ஹால் உண்டு. குலுங்கும் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினேன். வாசலில் இருந்தவர், "தம்பிக்கா, தங்கச்சிக்கா?" என்று கேட்டார். தம்பிக்கு என்று சைகை காட்டினேன். இடதுபக்க பெஞ்சுகளைக் காட்டினார். அங்கே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.