நடுவில் ஓர் எழுத்து

அடைக்கலம் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று, தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த பிளக்ஸை விரலால் தடவி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது கோயில் மணி அடித்தது. மூன்றாம் வகுப்போடு படகேறியவர். எவன் எதை எழுதி நீட்டினாலும் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். மகளின் படத்துக்குக் கீழே விரல் நின்றது.

'மீன்கடத்தி ஆய்வாளர் முனைவர் ஷர்லி.'

"செம்மல், இங்கிட்டு வா. இது என்ன எழுத்து?"

தம்பி மகன் செம்மல் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். மீக்கடத்தி என்றுதான் போனில் அனுப்பினானாம். மீமிசல் பிளக்ஸ் கடைக்காரன் அது மீனாகத்தான் இருக்கும் என்று திருத்திவிட்டான். பக்கத்தில் நின்ற ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

இந்தக் கரையில் கடத்தி என்ற வார்த்தையே ஆகாது. ஷர்லி ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில், ஒம் மக என்னத்தக் கடத்துது என்று டீக்கடையில் கேட்டவனின் சட்டையைப் பிடித்தவர் அடைக்கலம். அதற்காக மகளை நம்பினார் என்றில்லை. மீக்கடத்தி என்றால் கடுங்குளிரில் வைத்த பொருள், அதில் கரண்டு தடையே இல்லாமல் ஓடும் என்று அவள் சொன்னபோது, அப்புறம் ஏன் நம்ம வீட்டு பல்பு மினுங்கிச் சாகிறது என்று கேட்டார். அவள் சட்டி மூடியில் கல்லுப்பைப் பரப்பிக் காட்டினாள்.

"ஒவ்வொரு கல்லும் அதது அளவுல சரியாத்தாம்ப்பா இருக்கு. நடுவுல எடவெளி. குளிரு பத்துச்சுன்னா கரண்டு அதத் தாண்டிரும். ரொம்பக் கலஞ்சு கெடந்தா தாண்டாது. கல்லு அம்புட்டும் நல்லாருந்தும் மொத்தமாச் செத்துப்போயிரும்."

"எம்புட்டுக் கலஞ்சா சாகும்?"

"அதத்தாம்ப்பா தேடிக்கிட்டிருக்கேன்."

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர் நம்பினார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன படித்த ஆள், அவர் பார்த்ததில் அவள் ஒருத்திதான். ஆறு நாள் டெங்குக் காய்ச்சல். நேற்று அவளைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"விடுங்க பெரியப்பா. நாலு நாள்ல கிழிஞ்சு போறது. ஃபாதர் காத்துக்கிட்டிருக்காரு."

"இருக்கட்டும். இது சரியாகாம எம் மக நகர மாட்டா."

புதிதாக அடித்து வர நேரமில்லை என்றார்கள். அவிழ்த்துச் சுருட்டிவிடலாம் என்றார்கள். அவள் பேரை ஏன் சுருட்ட வேண்டும் என்று கேட்டார். சாவு வீட்டில் வீம்பு ஆகாது என்று சொல்ல வந்தவரிடம், உன்னைக் கருவாட்டு வியாபாரி என்று போட்டுப் புதைக்கவா என்றார். வந்தவர் திரும்பிப் போய்விட்டார்.

அடைக்கலம் பந்தலுக்குள் போனார். கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் ஷர்லி கிடந்தாள். அவளோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த சிவரஞ்சனி காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, இந்தக் குளிரு பத்துமா?"

சிவரஞ்சனி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பத்தாதுங்க ஐயா," என்றாள். "அவ வேலபாத்த குளிருக்கு இதெல்லாம் அடுப்பு."

அவர் தலையாட்டினார். கூரை இறவாணத்தில் செருகியிருந்த வலைக்கத்தியை உருவிக்கொண்டு திரும்பவும் நாற்காலியில் ஏறினார். செம்மல் காலைப் பிடித்துக்கொண்டான். மற்ற எழுத்துகளில் கீறல் படாமல் 'ன்' மட்டும் சதுரமாக அறுபட்டு வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். மீ ஒரு பக்கம், கடத்தி ஒரு பக்கம், நடுவில் ஓட்டை.

இப்போது இன்னும் மோசம் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"செம்மல், படிடா."

"மீக்கடத்தி," என்றான். ஓட்டையில் அவன் தடுக்கவே இல்லை.

"திரும்பப் படி."

"மீக்கடத்தி."

"இப்பத் தூக்குங்க."

சவப்பெட்டி தெருமுனைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பிளக்ஸின் நிழல் தெருவை அடைத்துக் கிடந்தது. அதன் நடுவே ஓட்டை வழியே விழுந்த உள்ளங்கை அகல வெளிச்சம், தூக்கிப் போன வெள்ளைப் பெட்டியின் மேல் ஏறி, தாண்டிப் போனது.